ஆசிரியர்கள் உட்கார்ந்து கற்கும் அறையை அலங்கரிப்பது எப்படி?

நாள் முழுக்க வகுப்பில் நின்று பேசிவிட்டு வருகிறவருக்கு இன்னொரு வகுப்பறை வேண்டாம். பயிற்சி அறைகள் பெரும்பாலும் இங்கேதான் சறுக்குகின்றன. ஜிகினாவும் பலூனுமாகச் சின்னப் பிள்ளைகளின் அறைபோல இருக்கும், இல்லையென்றால் வரிசையாக நாற்காலி போட்ட கூட்ட அரங்காக இருக்கும். வருகிறவர்கள் பெரியவர்கள், பாடம் நடத்தத் தெரிந்தவர்கள். அறை அதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அலங்காரத்தில் பாதி, பொருள்களை வெளியேற்றுவதுதான். பழைய சார்ட்டுகள், கால் ஆடும் பெஞ்சு, மூலையில் கிடக்கும் விடைத்தாள் கட்டுகள், என்றோ நடந்த விழாவின் பேனர் எல்லாம் முதலில் போகட்டும். சுவருக்குப் புதிதாகப் பெயின்ட் அடிப்பதாக இருந்தால், பயிற்சிக்குக் குறைந்தது 3 வாரம் முன்பே முடித்துவிடுங்கள். வாடை போவதற்காக மட்டும் அல்ல. நன்றாக இறுகாத பெயின்டில் டேப் ஒட்டினால், எடுக்கும்போது பெயின்டும் சேர்ந்து உரிந்து வரும்.

அடுத்தது இருக்கை. 6 மீட்டருக்கு 8 மீட்டர் அறையில் 20 பேர் வரை வசதியாக உட்காரலாம். 120 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள மேசைகள் 10 எடுத்து, இரண்டிரண்டாகச் சேர்த்தால் 5 சதுர மேசைகள் கிடைக்கும். ஒவ்வொன்றிலும் 4 பேர், இடப்பக்கம் இருவர், வலப்பக்கம் இருவர். பிரொஜெக்டர் திரைக்கு முதுகு காட்டும் பக்கத்தில் நாற்காலியே போடாதீர்கள். அங்கே உட்காருகிறவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் பார்ப்பதையே விட்டுவிடுவார். முன்னால் இரண்டு, நடுவில் இரண்டு, பின்னால் ஒன்று என்று வைத்து, நடுவழியை 90 செ.மீ. விடுங்கள். நாற்காலியின் உட்காரும் உயரம் சுமார் 45 செ.மீ., மேசை 72 முதல் 75 செ.மீ. தொடக்க வகுப்புக்கான குட்டி நாற்காலிகளை இரவல் வாங்கிப் போடுவது பெரியவர்களின் முழங்காலுக்குச் செய்யும் துரோகம். கடைசி நாற்காலிக்கும் திரைக்கும் உள்ள தூரம், திரை உயரத்தைப்போல 6 மடங்கைத் தாண்டக்கூடாது. 1.2 மீட்டர் உயரத் திரைக்கு ஏறத்தாழ 7 மீட்டர்.

வெளிச்சம் மேசைமட்டத்தில் 300 முதல் 500 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருந்தால் எழுதவும் படிக்கவும் கண் வலிக்காது. எல்லா விளக்கும் ஒரே நிறத்தில், 4000 கெல்வின் அளவில் (மஞ்சளும் நீலமும் தூக்கலாக இல்லாத வெள்ளை) இருக்கட்டும். எரிந்துபோன டியூப்புக்குப் பதிலாகக் கையில் கிடைத்ததை மாட்டினால், ஒரு பக்கம் மஞ்சளும் ஒரு பக்கம் நீலமுமாக அறை திட்டுத்திட்டாகத் தெரியும். திரைக்கு நேர் மேலே உள்ள விளக்குக்குத் தனி சுவிட்ச் வேண்டும். அது இல்லாவிட்டால் பிரொஜெக்டருக்காக அறை முழுவதையும் இருட்டாக்க நேரும். மதியச் சாப்பாடு முடிந்து வந்தவர்களை இருட்டில் உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று சொல்லவேண்டியதில்லை.

இனி சுவர். ஊக்க வாசகங்கள் வேண்டாம். ஆசிரியர்கள் அவற்றைப் போதுமான அளவு பார்த்துவிட்டார்கள். அவர்கள் எழுதுவதை ஒட்ட வெற்றிடம் விடுங்கள். 120-க்கு 240 செ.மீ. சாஃப்ட் போர்டு, அதாவது குண்டூசி குத்தக்கூடிய மென்பலகை, இரண்டு போதும். போர்டின் நடுப்பகுதி தரையிலிருந்து சுமார் 145 செ.மீ. உயரத்தில் வரட்டும். துணி போர்த்துவதென்றால் பூ வேலைப்பாடு இல்லாத ஒற்றை நிறப் பருத்தித் துணியை இஸ்திரி போட்டு, நான்கு பக்கமும் 10 செ.மீ. கூடுதலாக வெட்டிக்கொள்ளுங்கள். போர்டைக் கழற்றிக் குப்புறப் போட்டு, ஒவ்வொரு பக்கத்தின் நடுவிலும் முதல் ஸ்டேபிள் அடித்து, அங்கிருந்து மூலைகளை நோக்கி 5 செ.மீ. இடைவெளியில் போங்கள். மூலைகளைக் கடைசியில் மடியுங்கள். மூலையிலிருந்து தொடங்கினால் துணி கோணலாக இழுபட்டு, நடுவில் தொய்வு நிற்கும். அதைப் பிறகு சரிசெய்யவே முடியாது.

தலைப்பு எழுத்துகளைத் தனித்தனியாக வெட்டி ஒட்டும் பழக்கம் தமிழுக்கு ஒத்துவராது. முதலில் உதிர்வது புள்ளிதான். இரண்டே நாளில் ‘கற்றல்’ ‘கறறல’ ஆகிவிடும். ‘கொ’ போன்ற எழுத்தில் கொம்பும் காலும் விலகி நின்றால் தூரத்திலிருந்து வேறாகவே படிக்கும். முழுச் சொல்லையும் ஒரே அட்டைப் பட்டையில் எழுதி ஒட்டுங்கள். 6 மீட்டர் தொலைவிலிருந்து படிக்க எழுத்து 5 செ.மீ. உயரமாவது இருக்க வேண்டும். வெளிர் பின்புலத்தில் கறுப்போ கருநீலமோ எழுதினால் போதும். சிவப்பில் எழுதினால் திருத்திய விடைத்தாள் ஞாபகம் வரும்.

மேசைக்கு ஒரு தட்டு: 4 பேனா, 2 மார்க்கர், ஒரு கத்தரிக்கோல், ஸ்டிக்கி நோட் ஒரு கட்டு. ஸ்டிக்கி நோட் சுவரில் நிற்காமல் விழுகிறது என்றால், பெரும்பாலும் அதைக் கீழிருந்து மேலாகச் சுருட்டிக் கிழித்திருப்பார்கள். பக்கவாட்டில் இழுத்து எடுத்தால் தட்டையாக ஒட்டும். சுவரில் தூசி இருந்தால் எப்படிக் கிழித்தாலும் விழும், எனவே முந்தைய நாள் துடைத்துவிடுங்கள்.

அறை எதிரொலித்தால் ஒரே நேரத்தில் 5 குழுக்கள் பேசும்போது யாருக்கும் எதுவும் கேட்காது. கெட்டியான திரைச்சீலையும் சாஃப்ட் போர்டும் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும். நாற்காலிக் கால்களுக்கு அடியில் ஃபெல்ட் (தடித்த மெத்தென்ற துணி) ஒட்டினால் இழுபடும் சத்தம் அடங்கும். செடி வைக்க ஆசை இருந்தால் மணி பிளான்ட் வையுங்கள், தண்ணீர் தேங்காத தொட்டியில். எக்ஸ்டென்ஷன் வயரை நடுவழியில் ஓட்டாமல் சுவரோரமாக டேப் போட்டு ஒட்டுங்கள்.

வாசலில் பெயர் அட்டைகள், பை மாட்டக் கொக்கிகள், அன்றைய நேரப்பட்டியல், கழிப்பறைக்கு வழி காட்டும் அம்பு. இந்த நான்கும் யாரையும் கேட்காமலே தெரிய வேண்டும். எல்லாம் முடிந்ததும், பயிற்சி தொடங்கும் அதே நேரத்தில், அதற்கு முந்தைய நாளே ஒவ்வொரு மேசையிலும் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். திரையில் வெயில் அடிக்கிறதா, மின்விசிறிக் காற்றில் தாள் பறக்கிறதா என்பதெல்லாம் வாசலில் நின்று பார்த்தால் தெரியாது.