தேங்காய் துருவும் மோட்டாருக்கு ஒரு பெட்டி

சுங்கை சிப்புட்டில் மாமா கடையில் தேங்காய் துருவும் மெஷினுக்குச் சாதாரண சுவிட்ச்தான். கரண்ட் போய்த் திரும்பினால் மோட்டார் தானே சுற்ற ஆரம்பிக்கும். விரல் பக்கத்தில் இருந்தால் அவ்வளவுதான். அதனால் கன்டாக்டர் (காயிலுக்குக் கரண்ட் கிடைத்தால் காந்தத்தால் மூடும் சுவிட்ச்), ஓவர்லோட் ரிலே (மோட்டார் அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் நிறுத்துவது) வைத்துப் பெட்டி கட்டினேன். நிறுத்தும் சிவப்புப் பொத்தான், ரிலேயின் 95-96 (ஓவர்லோட் ஆனால் திறந்துகொள்ளும் முனைகள்), ஓட்டும் பச்சைப் பொத்தான், கன்டாக்டரின் காயில் எல்லாம் ஒரே வரிசையில். பச்சைக்கு இணையாகக் கன்டாக்டரின் 13-14 முனைகள், பச்சையிலிருந்து விரலை எடுத்தாலும் காயிலுக்குக் கரண்ட் போக. கரண்ட் போனால் காயில் விட்டுவிடும், மறுபடி பச்சையை அழுத்தினால்தான் ஓடும்.

தொல்லை கொடுத்தது ஓவர்லோட். மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கே வைத்தும் டிரிப் ஆகி மோட்டாரை நிறுத்தியது. ரிலே மூன்று பேஸுக்கானது, மோட்டாரோ சிங்கிள் பேஸ். ரிலேயின் மூன்று வழிகளில் ஒன்று காலியாக இருந்தால் பேஸ் போய்விட்டதாக ரிலே எடுத்துக்கொள்ளும். லைனை முதல் வழியில் விட்டு, நியூட்ரலை இரண்டாவதில் நுழைத்து மூன்றாவதிலும் சுற்றி மோட்டாருக்குக் கொண்டுபோனதும் அடங்கியது.

“மெயின்லதான் எம்.சி.பி. இருக்கே, இது எதுக்குடா?” என்றார் மாமா. அந்த சர்க்யூட் பிரேக்கர் வயருக்குக் காவல் மாமா, மோட்டாருக்கு இல்லை என்றேன்.

இரும்புப் பெட்டி, அதன் கதவு, மோட்டார் உடம்பு மூன்றுக்கும் தனித்தனி பச்சை-மஞ்சள் எர்த். கதவை நிறைய பேர் விட்டுவிடுகிறார்கள். கீலை நம்ப முடியாது. தேங்காய்த் தண்ணீர் தெறிக்கும் என்பதால் வயர் ஓட்டைகள் அடிப்பக்கம், கிளாண்டோடு (வயரைச் சுற்றி இறுக்கி ஓட்டையை அடைப்பது). போர்டிலிருந்து இணைப்பை மட்டும் பதிவு பெற்ற வயர்மேன், எல்லாம் சோதித்துப் பார்த்துக் கொடுத்தார்.