பார்சிலோனாவின் மக்பா முன்றிலில் ஸ்கேட் லைன் படமெடுக்க

ஸ்கேட்போர்டில் நிற்காமல் அடுத்தடுத்துச் செய்யும் வித்தைகளின் தொடர்தான் லைன். அதைப் படமெடுக்க, 1995-இல் திறந்த மக்பா தற்காலக் கலை அருங்காட்சியகத்தின் வெள்ளை முகப்புதான் முதல் தொல்லை. ஆட்டோ எக்ஸ்போஷரை நம்பினால் ஸ்கேட்டர் கருநிழலாகிவிடுவார். அவர் முகத்துக்கு வெளிச்சத்தை அளந்து லாக் செய்யுங்கள்.

மிக அகலமாக வளைத்துக் காட்டும் ஃபிஷ்ஐ லென்ஸ் மாட்டினால் ஃபோகஸும் மேனுவலில்தான். இல்லையேல் லென்ஸ் கண்ணாடியில் ஒட்டிய தூசியைப் பிடித்துக்கொள்ளும். மேல் கைப்பிடியில் பிடித்து, கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்குங்கள். ஒரு கை தூரத்தைத் தாண்டினாலே ஆள் எறும்பாகிவிடுவார், அவர் வித்தை செய்யும் கல்திட்டான லெட்ஜும் குட்டையாகத் தெரியும்.

அவரைப் பின்தொடர்ந்து நீங்கள் உருளும் பலகைக்கு 78ஏ மென்சக்கரம் போடுங்கள் (இந்த எண் கூடினால் சக்கரம் கடினமாகும்). 99ஏ என்றால் கல் இடுக்குகளில் படம் அதிரும். அதைவிடக் கொடுமை, உங்கள் சக்கர இரைச்சல் அவர் பலகையின் 'டக்' ஒலியை விழுங்கிவிடும். அந்த ஒலி இல்லாத கிளிப்புக்கு உயிரே இல்லை.

தரையிறங்கியதும் நிறுத்தாதீர்கள். அவர் நிலைகுலையாமல் உருண்டு போகும்வரை பதிவு ஓடட்டும்.