விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் கணினியைச் சரிபார்க்க நான்கு வரி போதும்

பினாங்கு, ஜார்ஜ்டவுன் லெபோ பாசாரில் இருக்கும் என் மாமாவின் மளிகைக் கடையில் ரசீது அடிப்பது, சரக்குக் கணக்கு, இரவில் எடுக்கும் நகல் என எல்லாமே ஒரே கணினியில் நடக்கின்றன. கணினி புதுப்பிக்கப்பட்ட மறுநாள் காலையில், ரசீது அச்சுப்பொறிதான் இன்னும் முதல் தேர்வாக இருக்கிறதா, பகிர்வுக் கோப்புறை திறக்கிறதா, தமிழ் விசைப்பலகை வேலை செய்கிறதா என்பதைக் கடை திறப்பதற்குள் பார்த்துவிட வேண்டும். இதை மறக்காமல் நினைவூட்டும் வேலையைக் கணினியிடமே ஒப்படைக்கும் வழியை, நிரல் எழுதிப் பழக்கமில்லாதவர்களுக்காக இங்கே விளக்குகிறேன்.

விண்டோஸின் மாதாந்தரப் பாதுகாப்புப் புதுப்பிப்பு, மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை அமெரிக்க மேற்குக் கரை நேரப்படி காலை 10 மணிக்கு வெளியாகிறது. மலேசியாவில் அப்போது புதன்கிழமை விடியற்காலை 1 மணி அல்லது 2 மணி. ஆகவே இரண்டாவது புதன்கிழமையைக் குறித்துவைத்தால் போதும் என்று தோன்றும். நானும் முதலில் அப்படித்தான் செய்தேன். மாதம் புதன்கிழமையில் பிறந்தால் இந்தக் கணக்கு தவறிவிடுகிறது. 2025 அக்டோபர் 1 புதன்கிழமை. அந்த மாதத்தின் இரண்டாவது புதன் 8ஆம் தேதி. புதுப்பிப்போ இங்கே 15ஆம் தேதி விடியற்காலையில்தான் வெளியானது. அதோடு, வெளியாகும் நாளிலேயே அது உங்கள் கணினியில் நிறுவப்படும் என்பதும் இல்லை. எனவே தேதியை விட்டுவிட்டு, விண்டோஸின் பதிப்பு எண் மாறியிருக்கிறதா என்று பார்ப்பதே நம்பகமான வழி.

விண்டோஸ் பொத்தானை அழுத்தி, சிஎம்டி (cmd) என்று தட்டி என்டர் கொடுங்கள். திறக்கும் கறுப்புச் சாளரத்தில் வெர் (ver) என்ற கட்டளையைக் கொடுத்தால் 10.0.26100 என்பதுபோல் தொடங்கி, கடைசியில் இன்னும் ஓர் எண்ணோடு முடியும் ஒரு வரி வரும். மாதாந்தரப் புதுப்பிப்பில் அந்தக் கடைசி எண் மாறுகிறது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து 25எச்2வுக்குப் போவதுபோன்ற பெரிய மாற்றத்தில் 26100 என்பது 26200 ஆகிறது. நமக்குத் தேவையானது இந்த ஒரு வரிதான்.

இனி எழுதலாம். இங்கே தமிழில் தந்திருக்கும் கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் நீங்கள் ஆங்கிலச் சிற்றெழுத்துகளில், ஒவ்வொன்றுக்கும் இடையே இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்ய வேண்டும். சி டிரைவில் செக் (check) என்ற பெயரில் ஒரு கோப்புறையை உருவாக்கி, நோட்பேடைத் திறந்துகொள்ளுங்கள். முதல் வரியில் வெர், பிறகு > குறி, பிறகு நியூ.டிஎக்ஸ்டி (ver > new.txt): இன்றைய பதிப்பு எண் ஒரு கோப்பில் பதிவாகும். இரண்டாவது வரியில் எஃப்சி, ஓல்டு.டிஎக்ஸ்டி, நியூ.டிஎக்ஸ்டி, &&, எக்ஸிட் (fc old.txt new.txt && exit): பழைய எண்ணும் புதிய எண்ணும் ஒன்றாக இருந்தால் வேலை அங்கேயே முடிந்துவிடும். மூன்றாவது வரியில் காப்பி, /ஒய், நியூ.டிஎக்ஸ்டி, ஓல்டு.டிஎக்ஸ்டி (copy /y new.txt old.txt): புதிய எண் அடுத்த முறைக்காகச் சேமிக்கப்படும். நான்காவது வரியில் ஸ்டார்ட், லிஸ்ட்.டிஎக்ஸ்டி (start list.txt): சரிபார்ப்புப் பட்டியல் திரையில் திறக்கும். சேமிக்கும்போது கோப்பு வகையில் ஆல் ஃபைல்ஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, செக்.பேட் (check.bat) என்று பெயரிடுங்கள். அதைத் தேர்ந்தெடுக்காவிட்டால் நோட்பேட் பெயரின் வாலில் டிஎக்ஸ்டியைச் சேர்த்துவிடும், கோப்பு இயங்காது.

சரிபார்க்க வேண்டியவற்றை லிஸ்ட்.டிஎக்ஸ்டியில் தமிழிலேயே எழுதி அதே கோப்புறையில் வையுங்கள். பேட் கோப்புக்குள் மட்டும் தமிழ் எழுத வேண்டாம். கறுப்புச் சாளரம் வேறு எழுத்துக் குறியீட்டில் படிப்பதால் அங்கே எழுத்துகள் சிதைந்து தெரியும். நோட்பேடில் திறக்கும் பட்டியலில் அந்தச் சிக்கல் இல்லை.

அடுத்ததாக, பணிகளைத் தானாக இயக்கும் விண்டோஸ் கருவியான டாஸ்க் ஷெட்யூலரைத் திறந்து, கிரியேட் டாஸ்க் என்பதை அழுத்திப் பணிக்கு ஒரு பெயர் கொடுங்கள். ட்ரிகர்ஸ் பகுதியில் அட் லாக் ஆன் (கணினியில் உள்நுழையும்போது) என்பதைத் தேர்ந்தெடுத்து 1 நிமிடத் தாமதம் கொடுங்கள். ஆக்‌ஷன்ஸ் பகுதியில் செக்.பேட் கோப்பைக் காட்டிய பின், பலரும் காலியாக விட்டுவிடும் ஸ்டார்ட் இன் என்ற கட்டத்தில் செக் கோப்புறையின் முழு முகவரியை (c:\check) மேற்கோள் குறியில்லாமல் எழுதுங்கள். இந்தக் கட்டம் காலியாக இருந்தால், கணினி விண்டோஸின் சொந்தக் கோப்புறையான சிஸ்டம்32க்குள் நின்றுகொண்டு நம் கோப்புகளைத் தேடும். பட்டியலும் கிடைக்காது, எண்ணும் பதிவாகாது. ஒரு மாலைப் பொழுதையே இந்த ஒரு கட்டம் எடுத்துக்கொண்டதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். மடிக்கணினி என்றால், கண்டிஷன்ஸ் பகுதியில் மின் இணைப்பு இருந்தால் மட்டுமே இயங்கு என்று பொருள்படும் தேர்வையும் நீக்கிவிடுங்கள்.

சோதித்துப் பார்க்க அடுத்த புதுப்பிப்பு வரை காத்திருக்க வேண்டியதில்லை. பணியின் மீது வலப்பக்கச் சொடுக்கிட்டு ரன் கொடுத்தால், பழைய எண் இன்னும் இல்லாததால் முதல்முறை பட்டியல் கட்டாயம் திறக்கும்; மறுமுறை ரன் கொடுத்தால் திறக்கக் கூடாது. பிறகு ஓல்டு.டிஎக்ஸ்டியில் ஓர் இலக்கத்தை மட்டும் மாற்றிச் சேமித்து மீண்டும் ரன் கொடுங்கள். இப்போது பட்டியல் திறந்தால், எல்லாம் சரியாக அமைந்துவிட்டது.