கண்மாயில் விரால் பிடிக்க

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் பெரும்பாலும் கண்மாய் மீனைக் குத்தகைக்கு விட்டிருப்பார்கள், அதனால் முதலில் ஊரில் கேட்டுவிட்டுத் தூண்டிலை எடுங்கள்.

விரால் ஓடித் துரத்துகிற மீன் இல்லை, பதுங்கி இருந்து பாய்கிற மீன். அதிகாலையிலோ வெயில் தாழ்ந்த பிறகோ தாமரை இலை, கோரைப்புல் ஓரமாகப் பாருங்கள், மூச்சு வாங்க மேலே வந்து 'களக்' என்று ஒரு சத்தம் கொடுத்துவிட்டு இறங்கும். அந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி தூண்டிலில் மாட்டிய ரப்பர் தவளையைப் போட்டு, இலைமேல் மெல்ல இழுத்து, தண்ணீர் தெரியும் இடைவெளியில் ஒரு நொடி நிறுத்துங்கள். பெரும்பாலும் அங்கேதான் அடிக்கும். அடித்த உடனே வெட்டி இழுத்தால் தவளை மட்டும்தான் திரும்பி வரும்! வாய்க்குள் வாங்கட்டும், தூண்டில் நரம்பு இறுகியதும் இழுங்கள்.

சிவப்பாகக் குஞ்சுக் கூட்டம் மிதந்தால் அடியில் தாய் மீனோ தகப்பன் மீனோ காவலுக்கு நிற்கும். அதைத் தொடவே கூடாது, அது போனால் மொத்தக் குஞ்சும் மற்ற மீனுக்கு இரைதான்.

வண்டல் அள்ளிய பள்ளம் தண்ணீருக்குள் தெரியாது, ஆழம் தெரியாமல் இறங்காதீர்கள். கருவேல முள்ளுக்குச் செருப்பு கட்டாயம்.

அப்புறம், மான் வேட்டை பற்றியும் சிலர் கேட்கிறார்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், சிறை உண்டு. கண்மாய்க்குத் தண்ணீர் குடிக்க மான் வந்தால் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கி நில்லுங்கள், அறுந்த நரம்பைக் கரையில் போடாதீர்கள், காலில் சுற்றிக்கொள்ளும்.