ஆன்லைன் கோர்ஸில் கல்லூரிகள் செய்யும் தவறுகள்

ஐம்பது நிமிட வகுப்பை அப்படியே ரெக்கார்டு செய்து ஏற்றிவிட்டு, அதை ஆன்லைன் கோர்ஸ் என்று அழைப்பதுதான் முதல் தவறு. 2014இல் ஆய்வாளர் பிலிப் குவோவும் அவருடன் சேர்ந்தவர்களும் எட்எக்ஸ் என்ற ஆன்லைன் கோர்ஸ் தளத்தின் 69 லட்சம் வீடியோ பார்வைகளை ஆராய்ந்தார்கள். வீடியோ எவ்வளவு நீளமானாலும், பாதிப் பார்வைகளாவது ஆறு நிமிடத்துக்கு மேல் போகவில்லை. சரி, பழைய வகுப்பை வெட்டித் துண்டு போட்டால்? அதுவும் எடுபடவில்லை. ஆன்லைனுக்கென்றே எடுத்த சிறு வீடியோக்களைத்தான் மாணவர்கள் அதிக நேரம் பார்த்தார்கள்.

அடுத்தது, "புரிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு நகர்வது. பத்து மைக்கும் ம்யூட்டில் இருக்கும், பதில் வராது. புரிந்ததா என்று கேட்காமல், யோசிக்க வைக்கும் கேள்வி ஒன்றைக் கேட்க வேண்டும். பொருளாதாரத்தில் தேவை நெகிழ்ச்சி, அதாவது விலை மாறினால் வாங்கும் அளவு எவ்வளவு மாறும் என்ற பாடம், நடத்தும்போது, "உப்பு விலை இரண்டு மடங்கானால் உங்கள் வீட்டில் உப்பு வாங்குவது குறையுமா, ஏன்? சாட்டில் டைப் செய்து வையுங்கள், நான் சொன்னதும் அனுப்புங்கள்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் பதிலைப் பார்த்து இன்னொருவர் எழுத முடியாது. யார் எங்கே தடுமாறுகிறார்கள் என்பது ஒரே நிமிடத்தில் கண்முன் வந்துவிடும்.

'அவரவர் வேகத்தில் படிக்கட்டும்' என்று கெடுவே வைக்காமல் விடுவதும் மாணவர்களுக்குச் செய்யும் உதவி அல்ல. எல்லாம் கடைசி வாரத்தில் வந்து குவியும். ஐஐடிகளும் ஐஐஎஸ்சியும் சேர்ந்து நடத்தும் என்பிடெல் ஆன்லைன் கோர்ஸ்களில் வாராவாரம் அசைன்மென்ட் உண்டு. மொத்த மதிப்பெண்ணில் அவற்றுக்கு 25 சதவீதம். 12 வாரக் கோர்ஸ் என்றால் சிறந்த எட்டை மட்டும் கணக்கில் எடுப்பார்கள். காய்ச்சலில் படுத்த மாணவருக்கும் இதில் இடமிருக்கிறது. நல்ல ஏற்பாடு, அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு ஆற்றாமை தருவது ஆசிரியரைத் தனியே விட்டுவிடுவது. பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2018 விதிப்படி உதவிப் பேராசிரியருக்கு வாரம் 16 மணி நேரம் நேரடிக் கற்பித்தல் வேலை. ஆன்லைன் கோர்ஸைப் புதிதாக உருவாக்கும் வேலையை அதன் மேலேயே ஏற்றிவைத்தால், அவர் வீட்டில் இரவு உட்கார்ந்துதான் எழுத வேண்டும், ரெக்கார்டு செய்ய வேண்டும். அந்த செமஸ்டரில் ஒரு பேப்பரையாவது குறைத்துக் கொடுங்கள். ஒருநாள் பயிற்சி வைத்து எந்த பட்டனை அழுத்துவது என்று காட்டினால் போதாது. கோர்ஸ் நடக்கும்போது சிக்கல் வந்தால் யாருக்குப் போன் செய்வது? அந்த ஆளைத்தான் முதலில் நியமிக்க வேண்டும்.

மத்திய அரசின் ஆன்லைன் கல்வித் தளமான ஸ்வயம் கோர்ஸ்களுக்கும் இது பொருந்தும். ஒரு படிப்பில் செமஸ்டருக்கு 40 சதவீதப் பாடங்கள் வரை அதில் எடுக்க யுஜிசி 2021இல் அனுமதித்தது. ஆனால் மாணவர்களைச் சேர்த்துவிட்டால் போதும் என்று நினைக்கக் கூடாது. சந்தேகம் கேட்க கல்லூரியில் ஒரு வழிகாட்டி ஆசிரியர் வேண்டும், அந்த நேரம் அவருடைய டைம்டேபிளிலும் இருக்க வேண்டும்.

அப்புறம், கோர்ஸைத் திறக்கும் முன் வேறு துறை ஆசிரியர் ஒருவர் முதல் வாரத்தை முழுக்க போனிலேயே, மொபைல் டேட்டாவிலேயே படித்துப் பார்க்கட்டும். எந்த ஸ்லைடில் எழுத்து பொடியாக இருக்கிறது, எந்த லிங்க் திறக்கவில்லை, எந்தக் கேள்வி குழப்புகிறது என்று அவர் எழுதிக் கொடுத்தால், மாணவர்கள் வருவதற்குள் திருத்திவிடலாம்.