கறுப்புப் பைன் நாற்று: வேர் கீழே இறங்க மறுத்தபோது

மண்ணுக்கு மேலே வேர்களே கால்களாக நிற்கும் போன்சாயை ஜப்பானில் ‘நெயாகரி’ என்பார்கள். அதற்காகக் கறுப்புப் பைன் நாற்றுகளை உயரமான பிவிசி குழாய்களில் வைத்திருந்தேன். ஊசியிலை பச்சைப் பசேலென்று இருந்தது; திறந்து பார்த்தால் வேரெல்லாம் மேலேயே சுருண்டு கிடந்தது. ஈரமும் சத்தும் மேலேயே கிடைத்தால் வேர் ஏன் கீழே போகப்போகிறது?

மறுநடவில் அடியில் மட்டும் சத்துள்ள மண், அதற்கு மேல் முழுக்க, சலித்தெடுத்த பருமனான ஆற்றுமணல். குழாயை நெடுக்காக இரண்டாய் அறுத்துக் கம்பியால் கட்டினேன். பின்னால் வேரைக் காயப்படுத்தாமல் பிரிக்கலாம். பழைய மண்ணில் வெள்ளை நூலாகப் படர்ந்திருந்த பூஞ்சையைக் கழுவவில்லை. பைன் வேருக்கு நீரும் சத்தும் உறிஞ்சித் தருவதே அதுதான்.

அடித்துளையில் வேர்நுனி தெரிந்த பிறகுதான், வேர் வெளியே தெரிய மேலிருந்து மணலை எடுக்க ஆரம்பித்தேன். அதுவும் ஒரேயடியாக இல்லை, பருவத்துக்கு இரண்டு விரல் ஆழம். புதிதாக வெளிவரும் வேர் வெயிலில் சுருங்கிவிடும், ஈரப் பாசி சுற்ற வேண்டும். பென்சில் கனம்கூட வராத வேர்கள் தண்டைத் தாங்காது. அவற்றை மூங்கில் குச்சியோடு சேர்த்துக் கட்டியிருக்கிறேன். மேல் வேர்களில் இப்போது பட்டை சொரசொரக்கிறது. அங்கே பாசியை எடுத்துவிட்டேன்.