சொலிசிட்டர் கையில் உயில், இழுத்துக்கொண்டே போகும் பங்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரியம்மா தன் உயிலில் உறவினர் யாரையும் நிறைவேற்றுநராக, அதாவது உயிலில் சொன்னபடி சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் பொறுப்பாளராக, போடவில்லை. உயிலை எழுதிக்கொடுத்த சொலிசிட்டரையே (வக்கீலையே) போட்டிருந்தார். பெரியம்மா இறந்து எட்டு மாதம் ஆகியும் எங்களுக்கு வந்தது ஒரே ஒரு கடிதம்: “பணிகள் நடைபெற்று வருகின்றன.” இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இப்படிக் காத்திருக்கும் குடும்பங்கள் ஏராளம். கோபம் வருவது நியாயம்தான். ஆனால் கோபத்தில் நாங்கள் செய்த சில காரியங்கள் எங்கள் பங்கையே தின்றன. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நாங்கள் செய்த பெரிய தவறு, போன். நான்கு பேர், ஆளுக்கொரு நாள், “என்ன ஆச்சு?” என்று கேட்டோம். கடைசியில் கணக்கு வந்தபோது பார்த்தால், வரிக்கு வரி “தொலைபேசி உரையாடல், 1 யூனிட்” என்று இருந்தது. மணிக்கணக்கில் கட்டணம் வாங்கும் சொலிசிட்டர்கள் பொதுவாக 6 நிமிடத்தை ஒரு யூனிட்டாக வைத்துக் கணக்கெழுதுவார்கள். இரண்டு நிமிடம் பேசினாலும் ஒரு யூனிட். அந்தப் பணம் எஸ்டேட்டிலிருந்துதான், அதாவது இறந்தவர் விட்டுப்போன மொத்தச் சொத்திலிருந்துதான் போகும். கடனும் குறிப்பிட்ட தொகைகளும் கொடுத்தது போக எஞ்சும் மீதிச் சொத்து யாருக்கோ, அவர்கள் பங்குதான் குறையும்.

குடும்பத்தில் ஒருவர் மட்டும், எழுத்தில், தேதி போட்டுக் கேட்பதே சரி. கேள்வியும் பொதுவாக இருக்கக்கூடாது. புரோபேட்டுக்கு (உயிலை நிறைவேற்றக் கிடைக்கும் அதிகாரபூர்வ அனுமதிக்கு) எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள்? வாரிசு வரிக் கணக்கை வரித்துறைக்கு அனுப்பியாகிவிட்டதா? வீடு விற்பனை எந்தக் கட்டத்தில் இருக்கிறது? இப்போது யாருடைய பதிலுக்காகக் காத்திருக்கிறீர்கள்? இடைக்காலமாக ஒரு தொகையைப் பிரித்துத் தர முடியுமா, முடியாதென்றால் ஏன்? 14 நாளில் பதில் வேண்டும் என்றும் எழுதுங்கள். இப்படிக் கேட்டால் மழுப்ப இடமில்லை. பின்னால் புகார் செய்ய வேண்டி வந்தாலும் இந்தக் கடிதம்தான் கைகொடுக்கும்.

எது தாமதம் என்று தெரியாமல் சண்டைக்குப் போவது அடுத்தது. 1925ஆம் ஆண்டு எஸ்டேட் நிர்வாகச் சட்டத்தின் 44ஆம் பிரிவுப்படி, இறந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும்படி நிறைவேற்றுநரைக் கட்டாயப்படுத்த முடியாது. அதோடு, உயிலில் தனக்குப் போதிய பங்கில்லை என்று குடும்பத்தாரோ சார்ந்திருந்தவரோ வழக்குப் போட, புரோபேட் கிடைத்ததிலிருந்து 6 மாத அவகாசம் உண்டு. அது முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டிருப்பது சோம்பல் அல்ல, எச்சரிக்கை. ஆனால் வரி அப்படியல்ல. ஜனவரியில் இறந்தவருக்கு வாரிசு வரி வர வேண்டுமானால், ஜூலை முடிவுக்குள் கட்டாவிட்டால் வட்டி ஏறத் தொடங்கும். அங்கே அசட்டையாக இருந்தால் உடனே கேளுங்கள்.

அந்தச் சொலிசிட்டர் நமக்காக வேலை செய்யும் வக்கீல் என்று நினைப்பதும் தவறு. நாம் அவருடைய கட்சிக்காரர் அல்ல, பயனாளிகள். மீதிச் சொத்தில் பங்குள்ளவர் எஸ்டேட்டின் கணக்கைக் கேட்கலாம். குறிப்பிட்ட தொகை மட்டும் எழுதப்பட்டவருக்கு முழுக் கணக்கைக் கேட்கும் உரிமை பொதுவாக இல்லை.

பயமுறுத்தலாம் என்று புரோபேட் அலுவலகத்தில் கேவியட் (புரோபேட் தரக்கூடாது என்ற தடை மனு) போடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அது 6 மாதம் புரோபேட்டையே தடுத்து நிறுத்தும். உயில் செல்லுமா என்ற சந்தேகம் இருந்தால் அதற்குப் பொருள் உண்டு. தாமதத்துக்கு மருந்தாக அதைப் போட்டால் தாமதம் இன்னும் நீளும்.

புகார் எங்கே செய்வது என்பதிலும் பலர் தடுமாறுகிறார்கள். முதலில் அந்த நிறுவனத்துக்கே, “இது முறையான புகார்” என்று தலைப்பிட்டு எழுத வேண்டும். அவர்களுக்கு 8 வாரம் அவகாசம். பதில் வராவிட்டாலும், வந்த பதில் சரியில்லாவிட்டாலும், வக்கீல்களின் சேவை பற்றிய புகார்களை விசாரிக்கும் லீகல் ஆம்புட்ஸ்மனிடம் போகலாம். கட்டணம் இல்லை, பயனாளிகளும் போகலாம். இறுதிப் பதில் வந்து 6 மாதத்துக்குள், பொதுவாகத் தவறு நடந்து அல்லது தெரியவந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். “பார்க்கலாம், பார்க்கலாம்” என்று வருடக்கணக்கில் பொறுத்திருப்பவர்கள் இந்தக் கதவை இழந்துவிடுகிறார்கள். பணத்தைக் கையாடல் செய்தார், நேர்மையாக நடக்கவில்லை என்ற சந்தேகம் என்றால் அது சொலிசிட்டர்கள் ஒழுங்குமுறை ஆணையத்தின் வேலை.

ஆளையே மாற்ற வேண்டுமானால் ஆரம்பத்திலேயே கேட்டுவிடுவது நல்லது. எஸ்டேட் வேலையில் இன்னும் கைவைக்கவில்லை என்றால் அவர் எழுதிக்கொடுத்து விலகிக்கொள்ளலாம், கைவைத்த பிறகு அது நடக்காது. அப்புறம் 1985ஆம் ஆண்டு நீதி நிர்வாகச் சட்டத்தின் 50ஆம் பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். செலவு அதிகம். அவரோடு நமக்கு ஒத்துப்போகவில்லை என்பது மட்டும் அங்கே போதாது. எஸ்டேட் நிர்வாகம் கெடுகிறது என்று காட்ட வேண்டும்.

காத்திருக்கும் நாட்களில் பூட்டிய வீட்டை மறந்துவிடாதீர்கள். ஆள் இல்லாத வீட்டுக்கு 30 அல்லது 60 நாளுக்குப் பிறகு பல காப்பீடுகள் முழுப் பாதுகாப்புத் தருவதில்லை. பெரியம்மா வீட்டில் குளிர்காலத்தில் குழாய் வெடித்துக் கூடத்துத் தரைவிரிப்பெல்லாம் ஊறிப்போன பிறகுதான் எங்களுக்கு இது உறைத்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு வீடு காலியாக இருப்பதைச் சொல்லியாகிவிட்டதா என்ற கேள்வியை முதல் கடிதத்திலேயே சேர்த்துவிடுங்கள்.